தெற்குப் புறநகரில் வானம் பார்த்தவர்கள்

சென்னையின் தெற்குப் புறநகரில் ஆண்டின் கடைசி 3 மாதங்களும் அடுத்த ஜனவரியும் வானத்தைப் பார்த்தே கழியும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழைக்கும், மார்கழியிலும் தையிலும் குளிருக்கும் காத்திருப்பது பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தின் பழைய வழக்கம். குளிர்நாடுகளில் இந்தப் பருவம் நெருங்கும்போது வானிலை ஆர்வலர்கள் பனிப்பொழிவு எப்போது என்று வரைபடங்களைப் புரட்டுவார்கள். இங்குள்ள ஆர்வலர்கள் தேடுவது வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியை. அது போனபின், வாடைக்காற்று எத்தனை டிகிரி இறக்கும் என்ற கேள்வி எழும்.

தாம்பரம் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. உள்ளே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், குன்றுகளுக்கிடையே ஏரிகள். சென்னைக்கு ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் முடிந்து வானம் வெளுக்கும் வேளையில்தான் இந்தக் கரைக்கு மழை தொடங்குகிறது. 2 அல்லது 3 நல்ல சுற்று மழை கிடைத்தால் ஏரி நிரம்பும், கிணறு ஊறும். அவை தவறினால் சித்திரையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். சில வாரங்களுக்குள் ஓர் ஆண்டின் விதி முடிவாகிவிடுகிற ஊரில் வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது.

கருவிகள் வருவதற்கு முன்பே இந்தப் பார்வைக்கு முறை இருந்தது. செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளால் பெயர் பெற்றது. ஆற்றுப்பாசனம் குறைந்த இந்த மண்ணில், மேட்டில் பெய்த மழையை ஒரு கரை கட்டித் தடுத்து, மிஞ்சியதை அடுத்த ஏரிக்கு அனுப்பி, அங்கிருந்து அதற்கும் கீழுள்ள ஏரிக்கு விட்டு, சங்கிலியாகப் பிணைத்திருந்தார்கள். மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், இரும்புலியூர், பீர்க்கன்காரணை ஏரிகள் அந்த அமைப்பின் மிச்சங்கள். மழையளவை அங்குலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஏரி கலங்கல் வழிந்த நாள் எது என்பதே ஊரின் கணக்கு. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்குக் கரையின் எந்த இடத்தில் எவ்வளவு நீர் நின்றால் எத்தனை நாள் பாசனத்துக்குத் தாங்கும் என்பது மனப்பாடம். கரையோர மீனவர்கள் காற்றைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழையைக் கொண்டுவரும், வடக்கிலிருந்து வரும் வாடை குளிரைக் கொண்டுவரும். கொண்டல் நிலைத்து வீசத் தொடங்குவதே பருவமழையின் அடையாளம் என்று அவர்கள் கொண்டதை இன்றைய வானிலையியலும் மறுக்கவில்லை. கீழைக்காற்று நிலைபெறுவது பருவமழைத் தொடக்கத்தை அறிவிப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று.

மார்கழிக்கென்று தனியாக ஒரு கணிப்பு உண்டு. சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் 2 வார காலத்தைக் கர்ப்போட்டம் என்று பஞ்சாங்கங்கள் குறிக்கும். அந்த நாள்களில் மேகம் எப்படித் திரள்கிறது, தூறல் உண்டா, எந்தத் திசைக் காற்று என்பதை ஒவ்வொரு நாளும் கவனித்து, ஒரு நாளுக்கு இத்தனை நாள் என்று கணக்கிட்டு, அடுத்த ஆண்டு மழையைச் சொல்வார்கள். மேகம் அப்போது கருக்கொண்டால் பின்னால் மழையாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் மழையில்லாத பருவத்திலும் நாள் தவறாமல் வானத்தைப் பார்த்து நினைவில் வைக்கும் பழக்கத்தை இது பல தலைமுறைகளுக்குக் கொடுத்தது. வானிலை ஆராய்ச்சிக்கு அடிப்படையான நற்பண்பும் அதுதான்.

அந்தப் பண்பைக் கருவியோடு இணைத்த இடம் நுங்கம்பாக்கம். வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் வைத்திருந்த வானாய்வுக்கூடத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. அதை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் 1792 என்ற ஆண்டும் பொறித்த கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் வாசகங்களில் தமிழும் தெலுங்கும் உண்டு. கூடத்தின் முதல் வேலை விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை கணிப்பது. கப்பலோட்டிகளுக்கு அது தேவைப்பட்டது. கப்பல்களுக்கு வானிலையும் தேவை. அக்டோபர் 15 வந்தால் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிக்கம்பத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை துறைமுகமற்ற இந்தத் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பது ஆபத்து என்பதற்கு அது அறிவிப்பு. 1746 அக்டோபரில் லா பூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பற்படையை இங்கே ஒரே இரவில் புயல் சிதறடித்திருந்தது.

ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர் 1796 முதல் நுங்கம்பாக்கத்தில் வெப்பம், காற்றழுத்தம் போன்றவற்றை முறையாகக் குறித்துவந்தார். உலகின் வெப்பமண்டலப் பகுதியில் இத்தனை பழைய தொடர்பதிவுகள் மிகச் சிலவே. இந்தப் பதிவேட்டின் கதையில் தெற்குப் புறநகரும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கியது பரங்கிமலை அடிவாரத்தில். கோடு தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் போனது. 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும், நிழலில் சுருங்கும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளுக்குள் வெப்பமானியும் வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் அப்போதைய வெப்பத்தைக் குறித்துத் திருத்தினார்கள். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வெளியில் கோடையின் சூடு இவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டது அனேகமாக அதுவே முதல்முறை.

அடுத்தது பீரங்கி. பரங்கிமலையிலும் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். 1820, 1821 ஆண்டுகளில் கோல்டிங்காம் இதைப் பயன்படுத்தி ஒலியின் வேகத்தை அளந்தார். நுங்கம்பாக்கம் கூடத்தின் மேலிருந்து சுமார் 9 கி.மீ. தொலைவிலுள்ள பரங்கிமலையில் வெடியின் ஒளி தெரியும். ஒளி கண்ட கணத்திலிருந்து சத்தம் காதை எட்டும் வரை கடிகாரத்தில் எண்ணுவார்கள். உடனே வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி, காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதுவார்கள். மாதந்தோறும் கூட்டிச் சராசரி எடுத்தபோது, குளிர்மாதங்களில் ஒலி மெதுவாகவும் வெயில் மாதங்களில் விரைவாகவும் பயணிப்பது தெளிவாகத் தெரிந்தது. பரங்கிமலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையிலிருந்த மார்கழிக் காற்றின் குளிர்ச்சி, சத்தம் வந்து சேர எடுத்துக்கொண்ட கூடுதல் நேரமாகப் பதிவாகியிருக்கிறது. 1823-இல் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

சென்னையில் பனி உறைந்தது என்ற ஒரே செய்தியும் இந்தக் காலத்தையே சுட்டுகிறது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகமும் மேல்வளிமண்டலத்தில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே இல்லாமல் போனது. எரிமலை வெடித்த அதே 1815 ஏப்ரலின் கடைசியில் சென்னையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது என்று ஒரு தகவல் பத்திரிகைகளிலும் ஆர்வலர்களிடமும் உலவிவருகிறது. இதை ஏற்பது கடினம். ஏப்ரலில் வங்கக் கடலின் மேற்பரப்பு 28 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும். கடலிலிருந்து சில கி.மீ. தொலைவிலுள்ள சமவெளியில் காற்று மட்டும் உறைநிலைக்குப் போவதற்கு அந்தக் கடல் இடம் கொடுக்காது. எரிமலைத் தூசி உலகின் சராசரியை ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்கும். 30 டிகிரி இறக்காது. சென்னையின் ஏற்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அது 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் பதிவானது. சென்னைக்கு மேலே உறைநிலையைத் தேடினால் சுமார் 5 கி.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். கோடை இடிமழையில் எப்போதாவது விழும் ஆலங்கட்டி அங்கிருந்து வருவதுதான்.

உண்மையான பனிப்பொழிவு சென்னை மழையோடு தொடர்புபட்டது வேறு வழியில். 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதற்குச் சற்று முன் 1875-இல்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்திருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று தேடி, இமயமலையில் குளிர்காலத்தில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்த தென்மேற்குப் பருவமழை தளர்கிறது என்று 1884-இல் எழுதினார். அவருக்குப் பின் வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலைக் கண்டுகாட்டினார். அந்த ஊசலோடு பிணைந்த எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓங்குகிறது என்று இன்றைய ஆர்வலர் ஒருவர் செப்டம்பரில் பேசத் தொடங்குவது அந்த வழியில் வந்தது. 1997-உம் 2015-உம் அதற்குச் சான்று. ஆனால் 2021 லா நினா ஆண்டாக இருந்தும் நவம்பர் வெள்ளக்காடானது. விதியை விதிவிலக்கோடு சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

1891-இல் வானியலாளர் நார்மன் போக்சன் இறந்தபின் விண்மீன் ஆய்வு மெல்லக் கொடைக்கானலுக்குப் போய், 1899-இல் அங்கே சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியது வானிலை. சென்னை என்றால் நுங்கம்பாக்கம் என்று ஆனது இப்படித்தான். 1918 நவம்பரின் 1,088 மி.மீ. மழையும், 1976 நவம்பர் 25 அன்று ஒரே நாளில் பதிவான 45 செ.மீ. மழையும் நுங்கம்பாக்கத்துப் பாத்திரத்தில் விழுந்தவை. நகரமோ தெற்கே வளர்ந்துகொண்டிருந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது, தென்னிந்தியாவில் அதுவே முதல். அதற்கு 3 ஆண்டு முன்பே தாம்பரத்தின் காற்றுக்காக ஒருவர் இங்கே வந்திருந்தார். இங்கிலாந்தில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சவுரிமுத்து, 1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் திறந்தவெளிக் காற்றும் வெளிச்சமும் மருந்தாகும் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நெரிசலான ஜார்ஜ் டவுனைவிட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஈரம் குறைந்த, இரவில் குளிரும் இடம் என்ற பெயர் தாம்பரத்துக்கு நிலைத்தது. இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக இருக்கும் சானடோரியம் ஒரு வானிலைத் தீர்ப்பின் நினைவு.

விமானங்கள் வந்ததும் தெற்கிலும் கருவிகள் வந்தன. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஆய்வகம் சென்னையின் இரண்டாவது அதிகாரபூர்வக் குரலானது. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் அங்கிருந்து காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உரிய பதிவுக்காக மேலேறி, போகும் உயரமெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் வானொலிக் குறியாக அனுப்பும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். 1954 முதல் விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இங்கே நடக்கிறது. பறப்பவர்களுக்கு மேகத்தின் அடிமட்ட உயரமும் காலை மூடுபனியும் தினசரித் தேவை என்பதால் தாம்பரத்தின் வானமும் நாள்தோறும் பதிவானது. ஆயினும் வானொலியிலும் பத்திரிகையிலும் வந்தவை நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற 2 எண்களே.

பொதுமக்களுக்கு வானிலை பல பத்தாண்டுகள் இந்த வடிவில்தான் கிடைத்தது. வானொலிச் செய்தியின் கடைசியில் 2 வரி. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண். பகலில் கறுப்புக் கூம்பும் உருளையுமாகவும் இரவில் விளக்குகளாகவும் ஏற்றப்பட்ட கூண்டைத் தாம்பரத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது. ஆனால் 'மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம்' என்ற பேச்சு மின்சார ரயிலில் ஏறி வந்துவிடும். 1945-இல் நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை மையம் அமைந்தது. 1973-இல் புயல் கண்டறியும் ரேடாரும், 2002-இல் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் நாட்டின் முதல் டாப்ளர் ரேடாரும் வந்தன. பருவமழை தொடங்கியது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு ஒய்.ஈ.ஏ. ராஜ் 1901 முதல் 1990 வரையிலான பதிவுகளைக் கொண்டு திட்டவட்டமான அளவுகோலை வகுத்தார். அக்டோபர் 20 சராசரித் தொடக்க நாள் என்று இன்று எல்லோரும் சொல்வது அந்த ஆய்விலிருந்து. புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநர் எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வுபெறும் வரை தொலைக்காட்சியில் நிதானமான தமிழில் பேசி, வீட்டுக்கு வீடு அறிந்த முகமானார். பள்ளிப் பிள்ளைகள் அவரை நேசித்ததற்கு விடுமுறையே காரணம். அதிலும் தெற்குப் புறநகருக்கு ஒரு சிக்கல் இருந்தது. தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டம். விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். சென்னைக்கு விடுமுறை அறிவித்த காலையில் தாம்பரத்துப் பிள்ளைகள் கொட்டும் மழையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஆண்டுகள் உண்டு.

நுங்கம்பாக்கத்தின் எண் தங்கள் தெருவுக்குப் பொருந்தவில்லை என்ற உணர்விலிருந்தே புறநகரின் ஆர்வலர் வகை உருவானது என்று சொல்வது தகும். கடலோர மேகக்கூட்டம் பட்டைப் பட்டையாக நகரும். ஒரு பட்டை திருவான்மியூரை நனைத்துவிட்டு வேளச்சேரியோடு கரையும், இன்னொன்று வண்டலூரில் நின்று கொட்டும். 15 கி.மீ. இடைவெளியில் 10 செ.மீ. வேறுபாடு இங்கே சாதாரணம். இணையத்தில் செயற்கைக்கோள் படமும் ரேடார் படமும் எல்லோருக்கும் திறந்ததும், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், வங்கி ஊழியர், மென்பொருள் பொறியாளர், கல்லூரி மாணவர் எனப் பலர் தத்தம் மொட்டைமாடிக் கணக்கைப் பகிரத் தொடங்கினார்கள். அவர்களில் மிகப் பரவலாக அறியப்பட்டவர் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று பெயர்பெற்ற பிரதீப் ஜான். 1996 ஜூன் நடுவில், பருவம் தப்பிச் சென்னையை மூழ்கடித்த பெருமழை தம்மை இந்த வழிக்கு இழுத்ததாக அவர் கூறியிருக்கிறார்.

இவர்களின் கருவி மிக எளியது. விளிம்பு கூர்மையான ஒரு புனல், அடியில் ஒரு புட்டி, மி.மீ. கோடிட்ட ஒரு கண்ணாடி அளவுகுவளை. புனலின் வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும். மரமோ சுவரோ எத்தனை உயரமோ அதைப்போல் இருமடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். ஒரு கிரவுண்டு மனையில் மூன்று மாடி எழும்பும் புறநகரில் அந்த வெட்டவெளிக்கு எங்கே போவது? மொட்டைமாடியே கதி. அங்கே சுழலும் காற்று துளிகளை ஓரமாகத் தள்ளிவிடுவதால் அளவு சற்றுக் குறையும் என்பதைத் தெரிந்தே வைக்கிறார்கள். காலை எட்டரை மணிக்குப் புட்டியை எடுத்து, நீரைக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்தி, வளைந்த பரப்பின் அடிப்புள்ளியைப் படிக்க வேண்டும். நாடு முழுவதும் மழைநாள் என்பது எட்டரையிலிருந்து எட்டரை வரை. ஒன்பது மணிக்கு எடுத்தால் அரை மணி மழை அடுத்த நாளின் கணக்கில் குறைந்துவிடும். புட்டி நிரம்பும் அளவு கொட்டும் இரவில் நடுவே எழுந்துபோய் ஊற்றி அளந்து எழுதிவைக்காவிட்டால் அந்த நாளின் எண்ணே போய்விடும்.

2015 டிசம்பர் 1 இரவு அப்படிப்பட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்து, 1918-க்குப் பிறகு காணாத நவம்பராகியிருந்தது. ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. முடிச்சூரும் வரதராஜபுரமும் நவம்பர் நடுவிலேயே ஒருமுறை மூழ்கி எழுந்திருந்தன. டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ. அளவில், நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. தாம்பரத்தில் 2,400 சதுர அடி மனை ஒன்றின்மேல் மட்டும் அந்த ஒரு நாளில் விழுந்தது சுமார் 1,09,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி 9. விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது.

வெள்ளத்துக்குப் பின் நடந்த விவாதமெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைச் சுற்றியே இருந்தது. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்த விவாதம் பொருந்தும். முடிச்சூருக்கு அதே விளக்கம் போதாது. அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீராகப் பிறந்து, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடக்கே ஏறுகிறது. செம்பரம்பாக்கத்தின் நீர் அதோடு சேர்வது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டிய பிறகு. மேற்குத் தாம்பரத்தை மூழ்கடித்ததில் பெரும்பங்கு தாம்பரத்திலும் ஆதனூரிலும் வண்டலூரிலும் பெய்த மழைக்கும், கால்வாய் இழந்த சிற்றேரிகளின் நீருக்கும் உரியது. இதைச் சொல்ல நுங்கம்பாக்கத்தின் 29 போதாது, தாம்பரத்தின் 49 வேண்டும். மழைமானி எங்கே இருக்கிறது என்பது யாருடைய துயரம் கணக்கில் வரும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

அந்த ஆண்டுக்குப் பிறகு தெற்குப் புறநகரின் எண்களுக்குச் செய்தியில் இடம் கிடைத்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது செம்மஞ்சேரிப் பக்கத்துச் சத்தியபாமா பல்கலைக்கழக வளாகத்தின் தானியங்கி நிலையம் 38 செ.மீ. காட்டியது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்தபோதும் தாம்பரம் 31 செ.மீ. பெற்றது. 2021 நவம்பரில் நுங்கம்பாக்கம் மீண்டும் 1,000 மி.மீ. தாண்டியது. 2005 அக்டோபரையும் 1918, 2015 நவம்பர்களையும் சேர்த்தால், ஒரு மாத மழை இந்த அளவைத் தாண்டியது இது நான்காவது முறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் முடிச்சூரையும் நாள்கணக்கில் நீரில் நிறுத்தியது. 2022 ஜனவரியில் பள்ளிக்கரணை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் எக்ஸ்-பேண்ட் ரேடார் இயங்கத் தொடங்கியதும், துறைமுக ரேடார் பழுதாகும் நாள்களில் புறநகர் இருட்டில் நிற்கும் நிலை மாறியது. ஆர்வலர்களுக்கும் அதிகாரபூர்வத் துறைக்கும் இடையே உரசல்கள் உண்டு. எச்சரிக்கை விடும் சட்டப் பொறுப்பு துறைக்கே உரியது. மாவட்ட எச்சரிக்கை சொல்லாத தெருவளவு நிலவரத்தை, இரவு 2 மணிக்கு, மக்களின் மொழியில் சொல்வது ஆர்வலர்களின் பங்கு. 2 தரப்பும் சேர்ந்தால்தான் படம் முழுமை அடைகிறது.

டிசம்பர் பாதியில் கொண்டல் ஓய்ந்து வாடை எடுக்கும்போது ஆர்வலர்களின் கவனம் மழைமானியிலிருந்து வெப்பமானிக்கு மாறுகிறது. ஜனவரியில் சென்னையின் சராசரி அதிகாலை வெப்பம் 20, 21 டிகிரி. அது 18-க்கு இறங்குமா என்பதே இங்குள்ள பனிப்பொழிவுக் கேள்வி. குளிருக்குத் தேவை தெளிந்த வானம், வடக்கிலிருந்து வந்த வறண்ட காற்று, இரவில் அது அசையாமல் நிற்பது. இரவில் நிலம் தன் வெப்பத்தை மேலே விட்டுவிடும். மேகம் இருந்தால் அது போர்வையாகி வெப்பத்தைத் திருப்பித் தரும். கடல் 26 டிகிரியில் இருப்பதால் கரையோரம் அதிகம் இறங்காது. உள்ளே போகப் போக இறங்கும். ஆகவே நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கமும், அதைவிடத் தாம்பரம் தாண்டிய திறந்தவெளிகளும் ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்திருப்பது வழக்கம். மரமடர்ந்த கிறித்துவக் கல்லூரி வளாகத்துக்கும் ஜி.எஸ்.டி. சாலைக் கடைத்தெருவுக்கும் ஒரே அதிகாலையில் உணரும் வேறுபாடு நடைப்பயிற்சிக்காரர்கள் அனைவரும் அறிந்தது. திருப்பாவைக்குக் கோயில் திறக்கும் நேரத்தில் கம்பளிக் குல்லாய் போட்டு நடப்பவர்கள் இந்தக் கணக்கின் சாட்சிகள்.

குளிரோடு மூடுபனியும் வரும். மழையில் ஊறிய தரை, ஏரிகளின் ஈரம், காற்றில்லாத இரவு மூன்றும் கூடினால் விடிவதற்கு முன் மீனம்பாக்கம் ஓடுபாதை மறைந்துவிடும். போகி அன்று எரிக்கும் பழம்பொருள்களின் புகை அந்த ஈரத்தோடு கலந்தால் பார்வைத் தூரம் சில பத்து மீட்டராகிவிடுகிறது. 2018 போகியன்று சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அதன் பிறகு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் வலுக்கிறது. ஆர்வலர்களின் ஜனவரிக் குறிப்புகளில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் பார்வைத் தூரமும் இடம்பெறுவது இதனால்.

உறைபனியையே பார்க்க விரும்புகிறவர்கள் நீலகிரியைக் கவனிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், குறிப்பாகத் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளங்களில், தெளிந்த ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டு அதற்குக் கீழும் போகும். புல்வெளியும் வண்டிகளின் கூரையும் வெண்மையாகும். வானிலிருந்து பொழிந்த பனி அல்ல அது, நிலத்தில் படிந்த ஈரம் உறைந்தது. தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்பதால் தோட்டக்காரர்களுக்கு அது வேதனை, சமவெளி ஆர்வலர்களுக்கு அது ஆண்டின் கடைசிப் பதிவு. தாம்பரத்தில் 18 டிகிரி காட்டும் அதே வாடையும் தெளிந்த வானமும்தான் பெரும்பாலும் அங்கே உறைபனியையும் தருகின்றன என்பதால் 2 எண்களையும் அருகருகே எழுதிவைக்கிறார்கள்.

சென்னையின் 13.9 டிகிரி 1905-க்குப் பிறகு திரும்பவில்லை. அப்போது நுங்கம்பாக்கம் தோப்பும் குளமுமாக இருந்தது. இப்போது கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடுகிறது. அதே மாற்றம் தாம்பரத்திலும் நடந்துவருகிறது. 2021-இல் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதன் எல்லைக்குள் வந்த ஏரிகளில் பல ஏற்கெனவே கரை சுருங்கியிருந்தன. நீர்ப்பரப்பும் மரமும் குறையும் தெருவில் அதிகாலை வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தெருவிலேயே 20, 30 ஆண்டு இடைவிடாத பதிவு இருக்க வேண்டும். மொட்டைமாடிகளில் இப்போது எழுதப்படும் நோட்டுகள் அந்தப் பதிவின் தொடக்க ஆண்டுகள்.